அப்பாவுக்கு அடுத்த புள்ளி

நான் வீட்டில் இருந்தபடியே ஒரு வெளியூர்க் கம்பெனிக்குக் கணினியில் படம் வரைந்து கொடுக்கிறேன். சாமி படமோ இயற்கைக் காட்சியோ இல்லை. எந்தக் கிளையில் எவ்வளவு விற்றது, போன மாதத்துக்கு இந்த மாதம் ஏறியதா இறங்கியதா என்பதைப் புள்ளியாகவும் கோடாகவும் காட்டுகிற படம். அதை வரைவதற்கென்றே யாரோ புண்ணியவான்கள் எழுதி இலவசமாக விட்டிருக்கிற நிரல் தொகுப்பு ஒன்று உண்டு. அதில் ஒரு வசதி இருக்கிறது. படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் இணைய முகவரியைக் கட்டிவிடலாம். மதுரைக் கிளையின் புள்ளியை அமுக்கினால் மதுரைக் கிளையின் பக்கம் திறக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எல்லாப் புள்ளிக்கும் ஒழுங்காக முகவரி கட்டிக் கொடுத்து வருகிறேன். மேலாளர்களில் ஒருவர்கூட இதுவரை எதையும் அமுக்கிப் பார்த்ததாகத் தகவல் இல்லை.

எங்கள் சொந்தக்காரர்கள் அப்படி இல்லை. அவர்கள் எல்லாவற்றையும் அமுக்கிப் பார்ப்பார்கள்.

எனக்குக் கல்யாணம் ஆகி ஒரு மகளும் உண்டு. இந்தக் கதையில் அவர்களுக்கு வேலை இல்லை என்பதால் இத்துடன் விட்டுவிடுகிறேன். திருநெல்வேலி டவுனில் அப்பா அம்மாவோடு இருக்கிறோம். அப்பா தாலுகா ஆபீசில் பதிவேடுகளோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவர். அவருக்கு எழுபது நிறையப்போகிறது என்றதும் எழுபதாம் கல்யாணம் செய்வதென்று முடிவானது. முடிவு செய்தவர் சேரன்மகாதேவியில் இருக்கிற பெரியப்பா. அவர் கல்வித் துறையில் அதிகாரியாக இருந்தவர். துறை அவரை விட்டுவிட்டது, குடும்பத்தை அவர் விடவில்லை.

எழுபதாம் கல்யாணம் என்றால் அப்பா மறுபடியும் அம்மாவுக்குத் தாலி கட்ட வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கப்படி முதல் முடிச்சுத்தான் மாப்பிள்ளை போடுவது. மற்ற இரண்டையும் மாப்பிள்ளையின் உடன்பிறந்த பெண் போட வேண்டும். அப்பாவுக்கு உடன்பிறந்த பெண் ஒரே ஒருத்தி, அவருக்கு நேர் இளையவள். அந்த அத்தை பாளையங்கோட்டையில் இருக்கிறாள். டவுனிலிருந்து பஸ் ஏறினால் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அரைமணி நேரம். அவள் டீச்சர், கூட வேலை பார்த்த ஒரு கிறிஸ்தவ வாத்தியாரைக் கட்டிக்கொண்டு வேதத்தில் சேர்ந்தாள். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. அன்றிலிருந்து எங்கள் குடும்பம் அவளோடு பேசுவதில்லை. சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் பிறகு ஒரு சமாதானமாவது நடந்திருக்கும். இவர்கள் சும்மா பேசாமல் இருந்துவிட்டார்கள்.

அம்மா மட்டும் மாதம் ஒரு தடவை காய்கறி வாங்கப் பாளையங்கோட்டைக்குப் போவாள். டவுனில் மார்க்கெட்டே இல்லாத மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு காலையில் போனால் சாயங்காலம் இரண்டு முருங்கைக்காயோடு வருவாள். அப்பா ஒருநாளும் எங்கே போனாய் என்று கேட்டதில்லை. "முருங்கைக்கா நல்லா இருக்காளா?" என்றுதான் கேட்கவில்லை, மற்றபடி முகத்தில் அந்தக் கேள்விதான் இருக்கும். அம்மாவும் யாரிடமோ சொல்வது போல, "அவளுக்குக் கால்வலி கூடிப்போச்சு, மாடிப்படி ஏற முடியல" என்று அரிவாள்மணையைப் பார்த்துச் சொல்வாள். அத்தைக்கு ஆபரேஷன் நடந்த அன்றைக்கு அப்பா காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார்.

அப்பா அம்மா கல்யாணத்தில் முடிச்சுப் போட்டது அந்த அத்தைதான். அறுபதாம் கல்யாணத்தில் அவள் இல்லாமல் ஓர் ஒன்றுவிட்ட அத்தையை வைத்துப் போட்டார்கள். அந்த அத்தையின் மேல் ஒரு குற்றமும் இல்லை, ஆனால் அம்மா அன்றைக்கு யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால் எழுபது என்று பேச்சு எடுத்ததுமே அப்பாவிடம் நேராகச் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவ அவதான் முடிச்சுப் போடணும். இல்லன்னா எனக்குத் தாலியும் வேண்டாம், பந்தியும் வேண்டாம்."

"அண்ணாச்சி என்ன சொல்லுதாகளோ" என்றார் அப்பா. அண்ணாச்சி என்றால் பெரியப்பா.

"அண்ணாச்சியா எனக்குத் தாலி கெட்டுதாக? நீங்க கூப்பிட்டா வாரேன்னு சொல்லுதா. நான் கூப்பிட்டா வரமாட்டா. நான் கேட்டுப் பாத்துட்டேன்."

அப்பா செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அது விளம்பரப் பக்கம். அதை வெகுநேரம் படித்தார்.

இந்த நிலையில்தான் பெரியப்பா எனக்குப் போன் செய்தார்.

"ஏட்டி, நீ என்னமோ படம் போடுதியாம, அமுக்குனா ஆளு வருமாம?"

கிளை வரும் பெரியப்பா என்றேன்.

"கிளை வந்தா ஆளும் வரும்லா? நம்ம குடும்பத்துக்கு ஒண்ணு போடு. கொள்ளுத்தாத்தாவுல இருந்து ஆரம்பிச்சு, நேத்துப் பொறந்தது வரைக்கும். அமுக்குனா போட்டோ, என்ன வேலை, எந்த ஊரு, எல்லாம் வரணும். கல்யாணத்துக்கு வாரவங்களுக்கு யாரு யாருன்னு தெரியட்டும்."

மாதச் சம்பளத்துக்குச் செய்கிற வேலையைச் சொந்தக்காரர்கள் கேட்டால் சும்மா செய்ய வேண்டும் என்பது எல்லாத் தொழிலுக்கும் உள்ள விதி. சரி என்றேன். ஒவ்வொருவரும் படத்தையும் விவரத்தையும் பெரியப்பாவுக்கு அனுப்பினார்கள். அவர் திருத்தி, பிறந்த வரிசைப்படி அடுக்கி எனக்கு அனுப்பினார். திசையன்விளையில் இரும்புக்கடை வைத்திருக்கிற சித்தப்பா கடை வாசலில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தார். அதில் கடை தெளிவாக இருந்தது, சித்தப்பா தெளிவாக இல்லை. ஏரலில் இருக்கிற கடைசிச் சித்தப்பா தன் வாக்காளர் அட்டையையே படம் பிடித்து அனுப்பிவிட்டார். எல்லாருக்கும் ஒவ்வொரு சின்னப் பக்கம் தயார் செய்தேன்.

அடுத்தது புள்ளிகள். மேலே கொள்ளுத்தாத்தா, அதற்குக் கீழே தாத்தா, அதற்குக் கீழே தாத்தாவின் பிள்ளைகள் என்று தலைமுறைக்கு ஒரு வரிசை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"தாத்தாவுக்கு எத்தனை பிள்ளைங்கப்பா?"

"ஆறு."

ஆறு புள்ளி வைத்தேன். கை தயங்கவே இல்லை. எங்கள் வீட்டு வழக்கம் அது. எத்தனை பேர் என்று கேட்டால் பெரியப்பாவிலிருந்து கடைசிச் சித்தப்பா வரைக்கும் எல்லாரும் ஆறு என்றுதான் சொல்வார்கள். பெற்ற தாயின் கணக்கைக் குறைத்துச் சொல்வது பாவம். பேர் சொல்லச் சொன்னால் ஐந்து பேரைச் சொல்வார்கள். கல்யாணப் பத்திரிகையிலும் ஐந்து பேர்தான் வரும். ஆறு என்று சொல்லி ஐந்தை அடுக்குவதைக் கேட்டே வளர்ந்ததால் எங்கள் யாருக்கும் கணக்கு இடிப்பது காதில் விழுவதில்லை. எனக்கும் விழவில்லை. நான் கணக்குப் படித்தவள்.

புள்ளிக்குப் பக்கத்தில் பேர் எழுதியிருந்தால் அப்போதே கண்ணில் பட்டிருக்கும். எழுதித்தான் பார்த்தேன். தாத்தாவின் பேரையே நாலைந்து பேரன்மார் முழம் நீளத்துக்கு வைத்திருப்பதால் பேர்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அதனால் பேரை எல்லாம் எடுத்துவிட்டு, ஆள் யாரென்று தெரிய வேண்டுமானால் அமுக்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதலில் அதைச் சாதாரணப் படமாகக் குடும்பக் குரூப்பில் அனுப்பியதும் தப்பாகப் போயிற்று. சாதாரணப் படத்தில் இணைப்பு ஒட்டாது. எல்லாரும் அமுக்கினார்கள், படம் பெரிதானது. இன்னும் அமுக்கினார்கள், இன்னும் பெரிதானது. பிறகு இணைப்புகள் உயிரோடு இருக்கிற வகையில் மாற்றி, ஓர் இணையப் பக்கத்தில் ஏற்றி, அதன் முகவரியை அனுப்பினேன். அப்பா தன் கைப்பேசியில் திறந்து கொள்ளுத்தாத்தாவிலிருந்து தன் புள்ளி வரைக்கும் ஒவ்வொன்றாக அமுக்கிச் சரிபார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிக் கைப்பேசியை வைத்துவிட்டார். அடுத்த புள்ளியை அமுக்கவில்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் பசி வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் திசையன்விளைச் சித்தப்பா குரூப்பில் பேசி அனுப்பியிருந்தார். பின்னணியில் கம்பி இறக்குகிற சத்தம்.

"என்ன வே நடக்கு இங்கன? என்னைய அமுக்குனா ஏரல்காரன் வாரான். ஏரல்காரன அமுக்குனா பெரியண்ணன் மகன் வாரான். அப்ப நான் எங்க போனேன்?"

அதற்குள் மற்றவர்களும் அமுக்கிப் பார்த்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவர் இடத்தில் இருந்தார்கள். கடைசிப் புள்ளி பிறந்து மூன்று மாதமே ஆன குழந்தை. அதை அமுக்கினால் தலைப்பாகையும் மீசையுமாகக் கொள்ளுத்தாத்தா வந்தார். சிலர் அதற்குக் கைகூப்பிய பொம்மை போட்டிருந்தார்கள், மறுபிறப்பு என்று நினைத்திருக்கலாம்.

உட்கார்ந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது. புள்ளிகளை நான் அப்பா சொன்ன கணக்கில் வைத்தேன். இணைப்புகளைப் பெரியப்பா அனுப்பிய வரிசையில் கட்டினேன். புள்ளிகளைவிட இணைப்பு ஒன்று குறைவு. நான் பயன்படுத்துகிற நிரல் தொகுப்புக்கு இதில் கோபமே வராது. இருக்கிற இணைப்புகளை வரிசையாக ஒவ்வொரு புள்ளிக்கும் கொடுத்துக்கொண்டே போகும், தீர்ந்துபோனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பந்தியில் நடுவில் ஒருவர் எழுந்து போக, அடுத்திருப்பவர்கள் எல்லாரும் ஓர் இலை தள்ளி உட்கார்ந்த மாதிரி. பெரியப்பா, இரண்டாவது பெரியப்பா, அப்பா வரைக்கும் சரியாக இருந்தார்கள். அப்பாவுக்கு அடுத்த புள்ளி அத்தை. அவளை அமுக்கினால் திசையன்விளை இரும்புக்கடை வந்தது. அங்கிருந்து எல்லாருமே தவறு.

பெரியப்பாவிடம் இதைப் போனில் சொன்னேன். அப்பாவும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன். அம்மா அடுக்களை நிலையில் வந்து நின்றாள். பெரியப்பா, "அந்தப் புள்ளிய எடுத்துரு. ஒரு புள்ளிதான" என்றார்.

தொழில் தெரிந்தவளாகச் சொல்கிறேன், அவர் சொன்னது சரியான தீர்வுதான். அந்த ஒரு புள்ளியை எடுத்துவிட்டால் மற்ற எல்லாரும் அவரவர் இடத்துக்கு வந்துவிடுவார்கள். ஒரு நிமிட வேலை. எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை பேர் இடம் மாறிக் கிடந்தது அவளை விட்டதால்தான், அதைச் சரிசெய்ய அவளை இன்னொரு தடவை எடுக்கச் சொல்கிறார். ஆனால் பெரியப்பாவிடம் அப்படியெல்லாம் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. அப்பா கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"அண்ணாச்சி, அம்மா பெத்தது ஆறு. அஞ்சுன்னு போட்டா தப்பான படம்."

"அப்ப என்ன செய்யச் சொல்லுத?"

"புள்ளி இருக்கட்டும்."

"லிங்கு?"

"அது இல்லாம இருக்கட்டும்."

இரண்டு பேருமே சர்க்கார் வேலை பார்த்தவர்கள் என்பதால் உடன்பாடு உடனே ஏற்பட்டது. அத்தையின் இடத்தில் இணைப்பு இல்லை என்று குறித்தேன். அப்படிக் குறிப்பதற்கும் அந்தத் தொகுப்பில் வழி இருக்கிறது. எல்லாரும் அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள், திசையன்விளைச் சித்தப்பா உட்பட. அம்மா வெண்டைக்காயை எடுத்து வைத்துக்கொண்டு, "புள்ளி இருக்கலாமாம். ஆளு வரக்கூடாதாம்" என்று வெண்டைக்காயிடம் சொன்னாள். அப்பா எழுந்து வாசலுக்குப் போனார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுபடி நான் சொந்தக்காரர்களைக் குறைத்து மதிப்பிட்டேன். ஒருமுறை ஏமாந்தவர்கள் என்பதால் இந்தத் தடவை ஒவ்வொருவரும் ஒவ்வொரு புள்ளியாகச் சோதித்தார்கள். எல்லாம் திறந்தது, ஒன்று மட்டும் திறக்கவில்லை. குரூப்பில் புகார்கள் வந்தன. அப்பாவுக்கு அடுத்த புள்ளி வேலை செய்யவில்லை. எனக்கும் செய்யவில்லை. என் போனில் செய்யவில்லை, மருமகன் போனிலும் செய்யவில்லை. ஒருவர் அந்தப் புள்ளியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினார். இத்தனை ஆண்டுகளில் அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத குடும்பம், ஒரே நாளில் அவளைப் பற்றி இருபது முறை விசாரித்தது. எல்லாம் பழுது என்ற தலைப்பில்தான்.

பெரியப்பா குரூப்பில் எழுதினார். "சர்வர் டவுன். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாள்."

சர்வருக்கு ஒரு கேடும் இல்லை. என் வேலையின் மேல் பழி விழுந்ததில் எனக்கு மறுபடியும் ஆத்திரம் வந்தது. அப்போது பெங்களூரில் இருக்கிற புது மருமகள் ஒருத்தி, போன வைகாசியில்தான் வீட்டுக்கு வந்தவள், "அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. அதுவரை மணிக்கணக்காகப் புகார் சொன்னவர்கள் எல்லாரும் சட்டென்று அமைதியானார்கள். சாயங்காலம் வரைக்கும் அந்தக் கேள்வி அப்படியே கிடந்தது.

அப்பா அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு வைத்த பிறகு என்னிடம் வந்தார்.

"புள்ளைக்குப் பதில் சொல்லணும்லா."

"சொல்லுங்கப்பா."

"பக்கம் இல்லாட்டா வேற என்னத்தக் கெட்டலாம் அதுல?"

"எது வேணும்னாலும் கெட்டலாம். போன் நம்பர்கூடக் கெட்டலாம். அமுக்கினா நம்பர் வரும், பச்சைய அமுக்கினா போன் போகும்."

அப்பா அங்கேயே நின்றார். அம்மா தன் கைப்பேசியை எடுத்து, கண்ணாடி போடாமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் எண்ணாகப் படித்தாள். நான் அடித்துக்கொண்டே வந்தேன்.

"கடைசில மூணு இல்ல, எட்டு" என்றார் அப்பா.

அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். எட்டுதான். எனக்குத் தெரிந்து அப்பா அந்த எண்ணுக்கு ஒரு தடவைகூடப் பேசியதில்லை. அவர் கைப்பேசியிலும் அது இல்லை. அந்தப் பத்து இலக்கத்தையும் எத்தனை ஆண்டாக வாய்க்குள் வைத்திருந்தாரோ. அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

இணைப்பைக் கட்டி ஏற்றினேன். "சரியா இருக்கான்னு பாத்துருவோம்" என்றார் அப்பா. தாலுகா ஆபீசில் அவர் சரிபார்க்காமல் எந்தத் தாளும் மேசையை விட்டுப் போனதில்லை. தன் புள்ளியை அமுக்கினார், தன் பக்கம் வந்தது. திரும்பப் படத்துக்கு வந்தார். அடுத்த புள்ளியை அமுக்கினார், எண் வந்தது. அதற்கு மேல் பச்சையை அமுக்க வேண்டும். முதல் அமுக்கு கை தவறி விழலாம், இரண்டாவது அப்படி விழாது. அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அமுக்கினார்.

மணி போன சத்தம் எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது.

"யாரு?"

"நாந்தான்" என்றார் அப்பா. "இந்த லிங்கு வேலை செய்யுதான்னு பாக்கேன்."

போன் கட்டாகிவிட்டதோ என்று அப்பா திரையைப் பார்த்தார்.

"செய்யுது அண்ணே" என்றாள் அத்தை.

"எனக்கு எழுவது வருது."

"மதினி சொன்னாவ."

"நீ வரணும். முடிச்சுப் போடணும்." இதைச் சொல்லிவிட்டு அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அத்தை அழுதுமுடிக்கிற வரைக்கும் அவர் போனைக் காதில் வைத்திருந்தார். அவள் பிறகு சொன்னாள். "வாரேன் அண்ணே. ஆனா பெரியண்ணன் முன்னால நிப்பாகள்லா. சபையில அவுக என்னையப் பாத்து மொகஞ்சுளிச்சா நான் எங்க போய் நிப்பேன்? அவுகளும் வான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அது போதும்."

பெரியப்பாவிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லி அப்பா போனை வைத்தார். பேசுகிற தைரியம் அவருக்கு வரவில்லை. பெரியப்பாவின் எண்ணை எடுப்பார், வைப்பார். அம்மா அவரைத் திட்டியும் பார்த்தாள், தோசை வார்த்துக் கொடுத்தும் பார்த்தாள். கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

நான் செய்தது ஒன்றே ஒன்று. புகார் வந்தால் சரிசெய்துவிட்டு அறிவிப்பது என் தொழில் ஒழுங்கு. குரூப்பில் எழுதினேன். "அப்பாவுக்கு அடுத்த புள்ளி இப்போது வேலை செய்கிறது." வேறு எதுவும் எழுதவில்லை.

எல்லாரும் அமுக்கினார்கள். எண் வந்தது. ஏதோ கிளை அலுவலகம் என்று நினைத்தார்களோ என்னவோ, பச்சையையும் அமுக்கினார்கள். அன்றைக்கு அத்தை வீட்டில் சாப்பாடு ஆறிப்போயிற்று என்று அம்மா பிறகு சொன்னாள். பாதிப் பேர் அத்தையின் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். அத்தை விடுவாளா? வகுப்பில் பெயரைக் கூப்பிட்டுப் பழகியவள். வைத்தவர்களை எல்லாம் ஒவ்வொருவராகத் திரும்பக் கூப்பிட்டு, நீ யார், யார் மகன், என்ன படிக்கிறாய் என்று கேட்டாளாம். பெங்களூர் மருமகள் அரைமணி நேரம் பேசியிருக்கிறாள். திசையன்விளைச் சித்தப்பா, "எக்கா, நீயா?" என்று கேட்டுவிட்டுக் கடையிலேயே வாய்விட்டு அழுதிருக்கிறார். கம்பி வாங்க வந்தவர்கள் ஏதோ சாவுச் சேதி என்று நினைத்து, வாங்காமலே போய்விட்டார்கள்.

பெரியப்பாவும் அமுக்கினார். இது பெரியம்மா அம்மாவிடம் சொன்னது. மணி ஒரு தடவை அடித்ததும் வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அத்தையே கூப்பிட்டாள்.

"பெரியண்ணே, கூப்பிட்டியளா?"

"இல்ல. கை பட்டுருச்சு."

"ரெண்டு எடத்துல அமுக்கணுமே அதுக்கு?"

பெரியப்பா அதை விட்டுவிட்டு, "கால்வலி எப்பிடி இருக்கு?" என்று கேட்டாராம். அவருக்குக் கால்வலியைப் பற்றி யார் சொன்னார்கள் என்று பெரியம்மாவுக்கே தெரியாது. பரவாயில்லை என்றாளாம் அத்தை. சரி வை என்றாராம் இவர். அவ்வளவுதான். வா என்ற வார்த்தை வரவில்லை.

"கால்வலியக் கேட்டாகள்லா, இதுக்கு மேல அவுககிட்ட என்ன எதிர்பாக்க? பேசாம வந்துரு" என்று அம்மா அத்தையிடம் போனில் சொன்னாள். சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்கெல்லாம் சோற்றில் உப்பு கூடுவதும் குறைவதுமாக இருந்தது.

கல்யாணத்தன்று விடிந்ததும் அத்தையும் மாமாவும் மண்டபத்துக்கு வந்தார்கள். மாமா எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு ஒரு தூணுக்குப் பக்கத்தில் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அத்தை கடைசி வரிசையில் ஓர் ஓரமாக உட்கார்ந்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். பெரியவர்கள் போகவில்லை. அவர்கள் பெரியப்பாவைப் பார்த்தார்கள். பெரியப்பா மேடைக்கு முன்னால் முதல் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஒன்றுவிட்ட அத்தையும் வந்திருந்தாள். அறுபதுக்கு முடிச்சுப் போட்டவள் என்பதால் யாரும் எதுவும் சொல்லாமலே பட்டுச் சேலையில் மேடை ஓரமாகத் தயாராக நின்றாள்.

மேளம் கூடியது. அப்பா தாலியை எடுத்து அம்மா கழுத்தில் வைத்து முதல் முடிச்சைப் போட்டார். ஐயர், "நாத்தனார் வாங்கோ" என்றார். ஒன்றுவிட்ட அத்தை ஓர் அடி எடுத்து வைத்தாள். அப்பா தாலிக் கயிற்றை விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு பெரியப்பாவைப் பார்த்தார்.

"நீ இரி" என்றார் பெரியப்பா, ஒன்றுவிட்ட அத்தையைப் பார்த்து. பிறகு யாரையும் பார்க்காமல், மேளத்துக்கு மேலே கேட்கிற மாதிரி சொன்னார். "ஏட்டி, வா. எம்புட்டு நேரம் அங்கன போய் உக்காந்திருப்ப? பைய வா. அந்தப் படியில உயரம் கூடுதல்."

அத்தை எழுந்து வந்தாள். காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தாள். யாரும் எழுந்து கைகொடுக்கவில்லை, ஆனால் வழியில் இருந்த நாற்காலிகளை எல்லாம் இழுத்து விலக்கினார்கள். படியில் அவளைப் பிடித்துக்கொள்ள நான் போனேன். அம்மாவுக்குப் பின்னால் போய்க் குனிந்து, அப்பா கையிலிருந்து கயிற்றை வாங்கி இரண்டு முடிச்சும் போட்டாள். போட்டுவிட்டுக் கையை எடுக்கப் போனாள்.

அம்மா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"எடுக்காத" என்றாள். "அறுவதுக்குப் போட வேண்டியது அப்பிடியே கெடக்கு. அதையும் சேத்துப் போடு."

ஐயர் அப்பாவைப் பார்த்தார். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தை இன்னும் இரண்டு முடிச்சுப் போட்டாள்.